நிமிர்ந்து எண்ணுதலும் குனிந்து செய்தலும்

மங்கலம்பேட்டையிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் மாலை வேளையில் கேரம் பலகையைச் சுற்றி இளைஞர் கூடி நிற்பது நமக்குப் பழகிய காட்சி. அங்குச் சற்று நேரம் நின்று பார்ப்பவர் ஒன்றைக் கவனித்திருப்பர். ஆட்டத்தின் தொடக்கத்தில் எளிதாகக் குழியில் விழும் காய், வெற்றிக்கு அந்த ஒரு காயே எஞ்சியிருக்கும்போது விழ மறுக்கிறது. தொலைவு அதுவே, கோணமும் அதுவே, பலகையின் வழவழப்பிலும் மாற்றமில்லை. ஆயினும் விரல் தயங்குகிறது. ஸ்ட்ரைக்கர் விலகிச் செல்கிறது. மாறியது எது?

இவ்வினா விளையாட்டோடு நின்றுவிடுவதில்லை. நெருக்கடி நேரத்தில் மனிதன் தன் அறிவையும் பழக்கத்தையும் ஏன் இழந்துவிடுகிறான், அந்நேரத்தில் அவன் எப்படி நடந்துகொள்வது அறத்துக்கு உகந்தது என்னும் பெரிய வினாவின் சிறிய வடிவமே அது. சிறிய வடிவத்தில் ஆராய்ந்தால் பெரியது தெளிவாகும்.

கேரம் ஆட்டத்துக்கு மேசைமேல் கோல்கொண்டு ஆடும் உறவினர் பலர் உண்டு. அவருள் ஸ்னூக்கர் நம் மாநிலத்தோடு தொடர்புடையது. 1875-இல் ஜபல்பூரில் ஆங்கிலேயப் படை அலுவலர் நெவில் சேம்பர்லின் தொடங்கி வைத்த அவ்வாட்டத்தின் விதிகள் 1882-இல் உதகமண்டலம் கிளப்பில் எழுதி வைக்கப்பட்டன. மற்றோர் உறவினர், அமெரிக்காவில் வளர்ந்த ‘ஸ்ட்ரெய்ட் பூல்’ என்னும் ஆட்டம். நம் ஊர்களில் இதனை ஆடுவோர் அரியர். எனினும் நெருக்கடியையும் முன்யோசனையையும் இதைப்போல் வெளிப்படையாகக் காட்டும் ஆட்டம் வேறொன்று இருப்பதாகத் தோன்றவில்லை. ஆகவே அதன் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்வது பயனுடையது.

மேசைமேல் பதினைந்து பந்துகள். அவற்றை அடிப்பதற்கு ஒரு வெள்ளைப் பந்து. எந்தப் பந்தை எந்தக் குழியில் வீழ்த்தப்போகிறோம் என்பதை ஒவ்வோர் அடிக்கும் முன்னரே அறிவித்துவிட வேண்டும். சொன்னபடி விழுந்தால் ஒரு புள்ளி, ஆட்டமும் தொடரும். சொல்லாத பந்து தற்செயலாக மட்டும் விழுந்தால் அது கணக்கில் சேராது. பதினான்கு பந்துகள் விழுந்தபின், எஞ்சிய ஒன்றை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, விழுந்த பதினான்கையும் மீண்டும் முக்கோணமாக அடுக்குவர். ஆடுபவர் அந்த எஞ்சிய பந்தை வீழ்த்துவதோடு, வெள்ளைப் பந்து அடுக்கின்மேல் மோதி அதனைக் கலைக்கும்படியும் செய்ய வேண்டும். இல்லையேல் அடுத்த அடிக்கு வழியிராது. எனவே தேர்ந்த ஆட்டக்காரர், மேசையில் பல பந்துகள் இருக்கும்போதே, கடைசியில் எது எஞ்சி நிற்க வேண்டும் என்று குறித்துக்கொள்வார்; எளிதாக விழக்கூடிய அதனைத் தொடாமல் காப்பார். இம்முறையில் வில்லி மோஸ்கோனி 1954-இல் ஒகையோ மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஒரு தவறும் செய்யாமல் 526 பந்துகளைத் தொடர்ந்து வீழ்த்தினார். 2019-இல் ஜான் ஷ்மிட் 626-ஐ எட்டினார். 2022-இல் ஜெய்சன் ஷா 714-ஐ எட்டினார்.

இவ்வளவு நீண்ட ஆட்டத்தில் மனம் தளராதிருப்பது எவ்வாறு? அந்த ஆட்டத்தைக் கற்பிப்போர் பலரும் சொல்லும் ஒரு பாடம் உண்டு. எண்ண வேண்டியதையெல்லாம் மேசையருகே நிமிர்ந்து நிற்கும்போதே எண்ணி முடித்துவிட வேண்டும். எந்தப் பந்து, எந்தக் குழி, எவ்வளவு விசை, வெள்ளைப் பந்து எங்கே நிற்க வேண்டும் என்னும் எல்லாவற்றுக்கும் அப்போதே விடை காண வேண்டும். கோலோடு குனிந்தபின் செய்வது மட்டுமே எஞ்சியிருக்க வேண்டும். குனிந்த நிலையில் ஐயம் எழுந்தால், அந்நிலையிலேயே திட்டத்தை மாற்றலாகாது. எழுந்து நின்று, முதலிலிருந்து பார்த்து, மறுபடியும் முடிவு செய்து, அதன்பின் குனிய வேண்டும். தவறிய அடிகளுள் பல, திறமைக் குறைவால் தவறியவை அல்ல. இரு முடிவுகளுக்கு நடுவே கை அகப்பட்டுக்கொண்டதால் தவறியவை.

இப்போது நம் முதல் வினாவுக்கு விடை கிடைக்கிறது. கடைசிக் காயில் மாறியது, அந்தக் காயின்மேல் நாம் ஏற்றி வைத்த சுமை. இதுவரை ஆடிய ஆட்டமும், இனி வரப்போகும் புகழும், சுற்றி நிற்போரின் பார்வையும் அந்தச் சிறு மரக்காயின்மேல் வந்து அமர்கின்றன. இவை எல்லாம் குனிந்தபின் வந்து அமர்பவை. எண்ணும் வேளையும் செய்யும் வேளையும் ஒன்றோடொன்று கலந்துபோவதையே நாம் நெருக்கடி என்கிறோம்.

உச்சியில் நிற்போருக்கும் இது நேர்கிறது. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலகச் சதுரங்க வாகைப் போட்டியின் பதினான்காம் ஆட்டம் நடந்தது. இருவரும் ஆறரைப் புள்ளியில் சமமாக நின்றனர். ஆட்டமும் சமநிலையை நோக்கியே சென்றது. ஐம்பத்தைந்தாம் நகர்த்தலில் சீனத்து டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். காய்களை வெட்டிக் குறைத்து ஆட்டத்தை எளிதாக்கும் வழியைத் திறந்த நகர்த்தல் அது. அந்த வழியே தோல்விக்கும் வழியாயிற்று. சென்னையைச் சேர்ந்த பதினெட்டு வயது குகேஷ் உலக வாகையர் ஆனார். நெருக்கடியிலிருந்து விரைந்து வெளியேறும் வாசல் எப்போதும் பாதுகாப்பான வாசலாக இருப்பதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

நம் பகுதி மக்களுக்கு இப்பாடம் தொழில் வழியாகவும் தெரிந்ததே. விருத்தாசலம் செராமிக் தொழிலால் பெயர் பெற்ற ஊர். அத்தொழிலைக் கற்பிக்கும் அரசு நிறுவனமும் அங்கு உண்டு. களிமண்ணைத் தேர்வதும், பக்குவப்படுத்துவதும், அச்சில் வார்ப்பதும், உலர்த்துவதும், மெருகுப் பூச்சு இடுவதும், சூளையில் அடுக்குவதும் ஒவ்வொன்றாக எண்ணிச் செய்ய வேண்டியவை. தீ ஏறியபின் ஐயம் வந்ததென்று கதவைத் திறந்து பார்ப்பாரில்லை. குளிர்காற்று பட்டால் பாண்டம் விரிசல் விடும். தீயிலிட்ட பிறகு காத்திருப்பதும் தொழிலின் ஒரு பகுதியே. செயலில் இறங்கியபின் எண்ணிக்கொள்ளலாம் என்று இருப்பதை வள்ளுவரும் குற்றமாகவே கண்டார்.

திருச்சபையின் ஆன்மீக மரபில் இதே நெறியை மிக ஆழமாக வகுத்துத் தந்தவர் புனித இஞ்ஞாசியார். அவரைப் பற்றி இயேசு சபையில் வழிவழியாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி ஒன்று நம் பொருளோடு வியக்கத்தக்க விதத்தில் பொருந்துகிறது. அவர் பாரிசு நகரில் பயின்ற காலத்தில் ஓர் இறையியல் அறிஞரைக் காணச் சென்றார். அவர் அப்போது பில்லியர்ட்ஸ் ஆடிக்கொண்டிருந்தார். இஞ்ஞாசியாரையும் ஆட அழைத்தார். பந்தயம் கட்டத் தம்மிடம் பொருளில்லை என்றார் இஞ்ஞாசியார். தோற்றால் ஒரு மாதம் அவருக்குப் பணிவிடை செய்வதாகவும், வென்றால் தாம் கேட்கும் ஒன்றை அவர் செய்ய வேண்டும் என்றும் உடன்பாடு ஆயிற்று. அவ்வாட்டத்தில் பழக்கமில்லாத இஞ்ஞாசியார் வென்றார். வென்றவர் கேட்டது, அந்த அறிஞர் ஒரு மாதம் ஆன்மப் பயிற்சியில் ஈடுபட வேண்டும் என்பதே. அறிஞரும் ஈடுபட்டு, தம் வாழ்வைத் திருத்திக்கொண்டார் என்பர்.

அந்த ஆன்மப் பயிற்சி நூல் 1548-இல் மூன்றாம் பவுல் பாப்பரசரின் ஒப்புதலைப் பெற்றது. அதில் உள்ளத்தின் அசைவுகளைப் பகுத்தறிவதற்கான விதிகள் உள்ளன. முதல் தொகுதியின் ஐந்தாம் விதி நமக்கு இங்கு வேண்டுவது. உள்ளம் வறண்டு, இருண்டு, இறைவன் தொலைவில் இருப்பதாகத் தோன்றும் காலத்தில், முன்பு தெளிந்த மனத்தோடு செய்த தீர்மானத்தை மாற்றக்கூடாது என்பது அதன் கருத்து. ஆறாம் விதி அதற்குத் துணை நிற்கிறது. தீர்மானத்தை மாற்றாதிருந்தால் போதாது; நம்மை மாற்றிக்கொள்ள வேண்டும். செபத்தைச் சற்று நீட்டுதல், மனச்சான்றை ஆராய்தல், ஓரளவு தவம் மேற்கொள்ளுதல் ஆகியவற்றால் அந்த வறட்சியை எதிர்த்து நிற்க வேண்டும். குனிந்த நிலையில் குறியை மாற்றாதே. மூச்சையும் கையையும் சரிசெய்துகொள் என்று ஆசான் சொல்வதும் இதுவே.

நமக்கு இஞ்ஞாசியார் அயலாரும் அல்லர். மங்கலம்பேட்டைக்கு அண்மையிலுள்ள கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கு ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவர் இஞ்ஞாசியாரின் சபையைச் சேர்ந்தவர். இதே பயிற்சிகளில் உருவானவர். இத்தாலி நாட்டில் பிறந்த ஒருவர் தமிழைக் கற்று, தேம்பாவணி பாடி, 1747-இல் மறையும் வரை இப்பணியிலேயே நிலைத்திருந்தார். வந்த இடத்தில் வறட்சியே கண்ட நாள்கள் அவருக்கும் இருந்திருக்கும். அந்நாள்களில் மனம் மாறித் திரும்பியிருந்தால் நம் தமிழும் நம் திருத்தலமும் எவ்வளவு ஏழ்மையடைந்திருக்கும்!

இங்கு ஓர் எதிர்க்கேள்வி எழுவது இயல்பு. முடிவை மாற்றாதிருத்தல் பிடிவாதம் ஆகாதா? தவறான முடிவையும் கட்டி அழ வேண்டுமா? இதற்கு விடை ஆட்டக்காரரிடமே உள்ளது. ஐயம் எழும்போது எழுந்து நிற்க அவருக்கு எப்போதும் உரிமை உண்டு. எழுந்து நின்று அவர் தம்மைக் கேட்க வேண்டியது ஒன்றே: மேசை மாறியதா, நான் மாறினேனா? பந்து நகர்ந்திருந்தால், முன்பு காணாத தடை இப்போது தெரிந்தால், மேசை மாறிவிட்டது; திட்டத்தை மாற்றுவதே விவேகம். ஒன்றும் நகராமல் அச்சம் மட்டும் வந்திருந்தால், மாறியவர் அவர்தாம். அப்போது முன்னைய முடிவே சரியானது.

இவ்வேறுபாட்டை மறந்தால் நல்ல விதியும் கொடுமையாகிவிடும். கணவனிடம் நாள்தோறும் அடிபட்டு வாழும் பெண்ணிடம், ‘திருமணத்தில் கொடுத்த வாக்கு, வறட்சிக் காலத்தில் முடிவை மாற்றாதே’ என்று அறிவுரை கூறுவோர் நம்மிடையே உண்டு. அது இஞ்ஞாசியாரின் விதியைத் தலைகீழாகப் பயன்படுத்துவதாகும். அவள் உள்ளத்தின் வறட்சியா அங்குச் சிக்கல்? மேசையே கவிழ்ந்து கிடக்கிறது. கடுமையான தீங்கு நேரும்போது தம்பதியர் பிரிந்து வாழத் திருச்சபைச் சட்டமே இடம் தருகிறது. அப்பெண்ணை எழுந்து நின்று பார்க்கச் சொல்வதும், அவள் நிற்பதற்குப் பாதுகாப்பான இடம் தேடித் தருவதும் கிறிஸ்தவக் கடமை.

மறுபுறம், மேசை மாறாமலே நம் பிள்ளைகள் எல்லாம் முடிந்தது என்று முடிவு கட்டிவிடும் நாளும் ஒன்று உண்டு. அது தேர்வு முடிவு வரும் நாள். ஒரு மதிப்பெண் பட்டியலின்மேல் பெற்றோரின் கனவும், உறவினரின் பேச்சும், வாழ்நாள் முழுவதன் மதிப்பும் ஏற்றப்படுகின்றன. அந்தச் சுமையை ஏற்றியவர் பெரும்பாலும் நாமே. அந்நாளில் எந்தப் பெரிய முடிவும் எடுக்க வேண்டாம். உண், உறங்கு, எங்களோடு இரு. நாளை எழுந்து நின்று சேர்ந்து பார்ப்போம் என்று சொல்லும் ஒரு குரல் வீட்டில் இருந்தால், எத்தனையோ இளம் உயிர்கள் காக்கப்படும். ஐந்தாம் விதி மடாலயத்துக்கு மட்டும் உரியதென்று எண்ணுவது பிழை. நம் வீட்டு முற்றத்துக்கே அது மிகத் தேவை.

அடுத்து, ஆட்டத்தின் சூழ்ச்சியைப் பற்றிய அறவினா. ஸ்ட்ரெய்ட் பூல் ஆட்டத்தில் வீழ்த்தத்தக்க பந்து இல்லாதபோது, எதிராளிக்கும் ஒன்றும் கிடைக்காத இடத்தில் வெள்ளைப் பந்தை மறைத்து வைப்பது வழக்கம். கேரம் ஆட்டத்திலும் எதிராளியின் காய்க்கு வழி மறித்து நம் காயை நிறுத்துகிறோம். அயலானை நேசிக்கக் கற்ற நாம் அவன் தவறும்படி திட்டமிடலாமா?

ஆட்டத்துக்கு வந்த இருவரும் ஒரே விதிகளை ஏற்று வந்தவர்கள். என் முழுத் திறமையையும் எதிர்கொள்ளவே அவர் என்முன் அமர்ந்திருக்கிறார். அவருக்கு வழி விட்டுக்கொடுத்து ஆடினால், அவர் கேட்டு வந்ததை நான் மறுத்தவனாவேன். மறைத்தல் வேறு, ஏமாற்றுதல் வேறு. பந்தை மறைத்தவர் எல்லாரும் காணவே மறைத்தார். அதை விடுவிக்கும் வாய்ப்பும் எதிராளிக்கு உண்டு. விரல் பட்டு நகர்ந்த காயை, நடுவர் காணவில்லை என்று வாய் மூடியிருப்பவரோ திருடுகிறார். மேசை ஆட்டங்களில் தம் தவற்றைத் தாமே அறிவிக்கும் நல்ல மரபு இன்றும் போற்றப்படுவது இதனாலேயே. நெருக்கடி மிகும்போது முதலில் சோதிக்கப்படுவதும் இந்த நேர்மையே.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. அவ்வாட்டத்தில் வேண்டுமென்றே தவறு செய்து, ஒரு புள்ளியை இழந்து, பெரிய இழப்பைத் தவிர்ப்பவர் உண்டு. தொடர்ந்து மூன்று முறை தவறிழைத்தால் மேலும் பதினைந்து புள்ளி போய்விடும். சில சட்டங்கள் மனச்சான்றைப் பிணிப்பதில்லை, மீறினால் தண்டத்தை மட்டுமே விதிக்கின்றன என்னும் கருத்தை அறநெறி இறையியலார் நெடுங்காலம் விவாதித்துள்ளனர். ஆட்ட விதியைப் பொறுத்தவரை அக்கருத்து பொருந்தும்; எல்லார் முன்னும் தவறு செய்து விலையைக் கொடுப்பவர் எவரையும் வஞ்சிக்கவில்லை. ஆனால் அதே மனப்பான்மையோடு, ‘அபராதம் கட்டினால் போயிற்று’ என்று சாலையில் வண்டியை விரைந்து ஓட்டுபவர் பிறர் உயிரோடு விளையாடுகிறார். பலகையின் நான்கு விளிம்புக்குள் பொருந்துவது வெளியே பொருந்தாது.

விளையாட்டு என்பதே வீண் என்று கருதும் பக்தர்களும் உண்டு. புனித தோமா அக்குவினார் அவ்வாறு கருதவில்லை. அளவோடு விளையாடி மனத்துக்கு ஓய்வு தருதலை அவர் ஒரு நற்பண்பாகவே கணித்தார். அதில் மிகுதி குற்றமானது போலவே, பிறர் மகிழ்ச்சிக்கும் தடையாகும் அளவுக்குக் கடுகடுத்திருத்தலும் குற்றம் என்றார். எப்போதும் நாணேற்றிய வில் முறிந்துவிடும் என்று புனித அருளப்பர் ஒரு வில்லாளியைக் கொண்டு விளக்கிய பழைய கதையை அவர் எடுத்துரைக்கிறார். புனித பிரான்சிஸ்கு சலேசியார் திறமைக்குரிய ஆட்டங்களை ஏற்றுக்கொண்டு, அவற்றில் நெடுநேரம் செலவிடுதலையும் பெரும்பந்தயம் வைத்தலையும் கண்டித்தார். பந்தயம் பெரிதானால் மனம் அமைதியிழக்கும் என்பதை அவர் நன்கறிந்திருந்தார். பணத்தைப் போலவே மானத்தையும் நாம் பந்தயமாக வைக்கிறோம்; கை நடுங்குவதற்கு அதுவே போதும்.

பந்தயத்தைச் சிறிதாக்கிக்கொண்டு ஆட்டத்தை முழுமையாக ஆடுவதே பற்றின்மை. அக்கறையின்மையை அதனோடு குழப்பலாகாது. சென்னையின் மரிய இருதயம் 1991-இலும் 1995-இலும் கேரம் ஆட்டத்தில் உலக வாகையரானார். 1996-ஆம் ஆண்டுக்கான அர்ச்சுனா விருதும் பெற்றார். அதே நகரத்தின் ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கம் வென்றார். பெரும்புகழோ பெரும்பணமோ எளிதில் வாராத ஓர் ஆட்டத்தில் ஆண்டுக்கணக்காக உழைத்தவர்கள் இவர்கள். பரிசு சிறிது என்பதால் உழைப்பைச் சிறிதாக்காத மனிதரால் நம் நாடு நிறைந்திருக்கிறது; அடையாளம் காணத்தான் நாம் தவறுகிறோம். புனித சின்னப்பரும் ஓட்டப் பந்தய வீரரின் தன்னடக்கத்தைக் கொரிந்தியருக்கு எடுத்துக்காட்டியது வாடிப்போகும் வெற்றி வாகைக்காக அன்று. அதை அடையும் ஒழுங்குக்காகவே.

புனித ஞானப்பிரகாசியார் நண்பரோடு விளையாடிக்கொண்டிருந்தபோது, இன்னும் ஒரு மணி நேரத்தில் உலகம் முடியுமென்றால் என்ன செய்வீர் என்று ஒருவர் கேட்டாராம். ஆட்டத்தைத் தொடர்ந்து ஆடுவேன் என்றாராம் அவர். இக்கதை புனித சார்லஸ் பொரோமேயு பெயராலும் வழங்குகிறது. அவர் ஆடியது பில்லியர்ட்ஸ் என்று சொல்வாரும் உண்டு. இருவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். 1580-இல் சிறுவன் ஞானப்பிரகாசிக்கு முதல் நற்கருணை வழங்கியவர் பொரோமேயுவே. கதை யாருடையதாயினும் பொருள் ஒன்றே. அந்த ஓய்வு நேரத்தை இறைவன் சித்தமென்று தெளிந்து ஆடத் தொடங்கியவருக்கு, முடிவு நெருங்குகிறது என்ற செய்தி புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை. அவர் எண்ண வேண்டியதை எண்ணி முடித்திருந்தார். எஞ்சியிருந்தது, முன்னிருந்த பந்தை நேராக அடிப்பது மட்டுமே.